பச்சை லாரியின் ஹாரன்

ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள், நாமக்கல் பட்டறையொன்றில் பெயிண்டர் செங்கோடன் சொல்லக் கேட்ட கதை இது.

பழுதுபார்க்க வந்த இரண்டு பழைய லாரிகள் ஒரு பட்டறையில் நின்றன. பச்சை லாரியின் கியர்பாக்ஸைக் கழற்றிச் சிவப்பு லாரிக்குப் பூட்டினார்கள். பிறகு ரேடியேட்டர் போயிற்று; சக்கரங்களும் போயின.

"வலிக்கலீங்களா அண்ணா?" என்றது சிவப்பு.

"பழசைக் கழட்டினாத்தானே கண்ணு எனக்குப் புதுசு போடுவாங்க? எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு நீ முன்னாடி கெளம்பு. அடுத்த பழம் எனக்குத்தான்."

பச்சைக்கு இனிப் புதுசு எதுவும் வராது என்பது சிவப்புக்குத் தெரியும். அது வாய் திறக்கவில்லை.

சிவப்பின் ஹாரன் கரகரத்ததால், கடைசியில் பச்சையின் ஹாரனையும் எடுத்தார்கள். லாரிக்கு ஹாரன்தான் குரல். அதன்பின் பச்சையால் எந்தக் கேள்வியும் கேட்க முடியவில்லை.

மறுநாள் மாலையிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சிவப்பை அனுப்பினார்கள். சாலை வளைவில் அது குரல் கொடுத்தது: "போயிட்டு வரேனுங்க அண்ணா."

தன் குரலே தன்னிடம் விடைபெறுவதைக் கேட்ட பச்சை, மெல்லக் கீழே பார்த்தது. சக்கரங்கள் இருந்த இடத்தில் செங்கல் அடுக்கியிருந்தது. செங்கல்லுக்கு யாரும் எலுமிச்சம்பழம் வைப்பதில்லை.

சங்ககிரிப் பக்கத்தில் இக்கதையை வேறுவிதமாக முடிக்கிறார்கள்: சிவப்பு லாரி ஊரெல்லாம் அந்த ஹாரனை அடிக்குமாம், பட்டறையைக் கடக்கும்போது மட்டும் அடிக்காதாம்.