ஞாயிறு தவிர

விளக்கு வைக்கும் நேரம் வந்தால் போதும், கணக்கு வாத்தியார் மனைவியோடு தங்கை வீட்டு வாசலில் நிற்பார். ஏசி அறையில் உட்கார்ந்தால் பேச்சும் சிரிப்புமாகப் பொழுது போய்விடும்.

“மூணு மாசமா எங்கண்ணன் இப்படி வந்து போறதைப் பார்த்து, தெருவே கண்ணு வைக்குது” என்று பூரித்துப்போவாள் தங்கை.

அன்று அங்கே இருக்கும்போதே வாத்தியாரின் செல்போனுக்கு மின்சார ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. மின்சார சிக்கனத் திட்டத்தில், ஊரே கரண்டை இழுக்கும் சாயங்கால நேரத்தில் குறைவாகச் செலவழித்த வீடு என்று அவர் வீட்டுக்கு முதல் பரிசு!

“எப்படி மச்சான் சாதிச்சீங்க?” என்றார் தங்கையின் கணவர்.

“எல்லாம் கட்டுப்பாடுதான் மாப்பிள்ளை. வேண்டாத லைட் ஒண்ணுகூட எரிய விடமாட்டேன்.”

“நாங்களும் அந்தத் திட்டத்துல சேர்ந்தோம்ணா” என்றாள் தங்கை. “ஆறுலேருந்து ஒன்பது வரைக்கும் ஏசியை அணைக்கணுமாம். நீ உட்கார்ந்திருக்கறப்ப அணைக்க மனசு வருமா? பரிசு கிடக்கட்டும், நீ வர்றதே போதும்.”

வாத்தியார் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒரே ஒரு குறைதான். ஞாயித்துக்கிழமை மட்டும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்கிற. ஏண்ணா?”

அவர் வாயைத் திறக்குமுன், தங்கையின் கணவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை அந்தத் திட்டம் கிடையாதும்மா.”

தங்கை அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. ரிமோட்டை எடுத்து ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது.