தெரு நடுவில் தொகுதி

மழைக்கோட்டில் கட்சி ரிப்பனைக் குத்திக்கொண்டு எதிர்வீட்டு ப்ராபர்ட் நின்றார்.

அவள் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

அவள் வேல்ஸுக்கு வந்த மூன்று வருஷத்தில் அவர் இந்தப் படி ஏறியதில்லை. அவருடைய புகார்கள் மட்டும் ஏறின. மீன் பொரித்தால் புகார். குப்பைத் தொட்டியை முன்கூட்டியே வெளியே வைத்தால் புகார். ஆஸ்பத்திரியில் அவர் காலுக்குக் கட்டுப் போட்ட நர்ஸே இவள்தான். அதற்கும் ஒரு நன்றி கிடையாது.

ஓட்டுக் கேட்டு வரும்போதும் இவள் வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போவார். இந்தியாக்காரிக்கு இங்கே ஏது ஓட்டு என்று நினைப்பு. காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கும் உண்டு என்று இப்போதுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இந்த முறை வேல்ஸில் தொகுதிகளை மாற்றி வரைந்தார்கள். கோடு இந்தத் தெருவின் நடுவில் விழுந்தது. இவள் பக்கம் நகரத் தொகுதி. அவர் பக்கம் மலையோரக் கிராமங்களோடு போய்விட்டது.

நகரத் தொகுதியில் நிற்பது அவருடைய மகள் கேரிஸ்.

பிறந்து வளர்ந்த ஊரில், பெற்ற மகளுக்கு அவரால் ஓட்டுப் போட முடியாது.

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் ஊரான நாகர்கோவிலில் தேர்தல் வந்தால் ஜென்மப் பகையாளியும் கும்பிட்டுக்கொண்டு வருவான். காரியம் ஆகவேண்டுமென்றால் கழுதையின் காலையும் பிடிக்கத்தானே வேண்டும். இன்றைக்குக் கழுதை இவள்.

"போட்டி கடுமையா இருக்கு. ஒரு ஓட்டுகூட விடக்கூடாது," என்று நோட்டீஸை நீட்டினார்.

அவள் ஏற்கெனவே படித்ததுதான். வெளிநாட்டு நர்ஸுகள் வேலை பார்க்கலாம், பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது. கேரிஸ் கட்சியின் முதல் வாக்குறுதியே அதுதான்.

அவளுடைய மகள் அக்சா ஊரில் விசாவுக்காகக் காத்திருக்கிறாள்.



அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. வீடியோவில் அக்சா, இரட்டைச் சடையுடன்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

ப்ராபர்ட் தடுமாறினார். குழந்தையைப் பார்த்தால் எவரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"அம்மாகிட்ட எப்போ வரப்போறே?"

அக்சா தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சட்டென்று சொன்னாள். "தேர்தல் முடிஞ்சாத்தான் தெரியுமாம், அங்கிள். யார் ஜெயிச்சா என்னை விடுவாங்க?"

அவர் நீட்டிய நோட்டீஸை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

அவள் ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்தாலும் இறக்கப் போவதில்லை.