கிராபிக்ஸ் கார்டுக்கு மூன்று ஃபேன்

சற்குணம் கம்ப்யூட்டரைத் திறந்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தான். பழைய ஃபேன் இரண்டையும் எடுத்துவிட்டுப் பெரியதாக மூன்று மாட்டப்போகிறான். தூசி பறக்கும் என்று கூடத்து ஃபேனையும் நிறுத்திவிட்டான்.

"கொஞ்சம் டார்ச் பிடி" என்று மனைவியைக் கூப்பிட்டான்.

சோறு கொதித்துக்கொண்டிருந்தது. தமயந்தி அப்படியே விட்டுவிட்டு வந்து பிடித்தாள். அவள் மோவாயிலிருந்து ஒரு சொட்டு வியர்வை கார்டின் மேல் விழுந்தது.

"அறிவிருக்கா? தள்ளி நில்லு!" என்று கத்தியபடி அவசரமாக அதை ஒற்றி எடுத்தான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. "சமையல்கட்டுக்கு ஒரு ஃபேன் போடுங்கன்னு கல்யாணமான வருஷத்துலேர்ந்து கேக்கறேன்."

"அடுப்பு அணைஞ்சிடும்டி. இது அப்படியில்ல. சூடு தாங்கலைன்னா கேம் நடுவுல அப்படியே நின்னுடும்."

"நின்னா?"

"நின்னா என்ன, ஆறுற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்."

தமயந்தி டார்ச்சை மேசையில் வைத்தாள். உள்ளே போய், சோறு பாதி வெந்திருக்கும்போதே அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து கூடத்து ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அதன் அடியில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சோறு என்னாச்சு?" என்று சற்குணம் கேட்டான். இரண்டாம் முறை சத்தமாகக் கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது அவன் குரலில் சத்தமே இல்லை.