எவரிஸ்தோ பார்த்த புறா

"கோளாறு என் கண்ணுல இல்ல. இந்தக் கண்ணாடியில."

எவரிஸ்தோ துப்பாக்கியில் மாட்டிக் குறிபார்க்கும் பழைய ஸ்கோப்பைக் கடைக்காரி டெல்மிராவின் மேசையில் போட்ட வேகத்தில், அவள் மாத்தே இலைத் தேநீர் குடிக்கும் சுரைக்குடுவை சாய்ந்து மேசையெல்லாம் பச்சைத் தண்ணீர்.

நான் வாசற்படியில் நின்று சிரித்தேன். அவனுக்குக் கேட்கவேண்டும் என்றே சிரித்தேன்.

எவரிஸ்தோ என் அக்காவின் கணவன். முயல் பருவம் வந்தால் எங்கள் இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே துப்பாக்கி. இருபத்திரண்டு காலிபர். இரவில் வண்டியின் பின்தட்டில் நின்று அவன் சுடுவான், நான் விளக்குப் பிடிப்பேன். சுடுகிறவனுக்கு இரண்டு பங்கு. விளக்குக்காரனுக்கு ஒன்று.

தலையில் குண்டு பட்ட முயலைத்தான் இறைச்சி வாங்கும் குளிர்பதன ஆலை எடுத்துக்கொள்ளும். போன பருவத்தில் அவன் சுட்டதெல்லாம் வயிற்றில். பாதி வண்டி முயலை அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

வரும் வழியெல்லாம் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். புது ஸ்கோப்பில் அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தால் துப்பாக்கி அவனிடமே இருக்கும். தெரியாவிட்டால் இன்றே என் கைக்கு வரும்.

அவன் கண்ணாடி அலமாரியில் இருந்த பெரிய ஸ்கோப் ஒன்றைக் கேட்டான்.

"அது மான் சுடுறவங்களுக்குண்ணே," என்றாள் டெல்மிரா, மேசையைத் துடைத்தபடி. "அம்பது மீட்டர்ல தலைய லேசா அசைச்சாக்கூட குறி தள்ளிப்போகும். இருபத்திரண்டுக்கு உதைப்பே கெடையாது, மலிவானதே தாங்கும். எதுக்கு வீணாக் காசைக் கொட்டுறீங்க?"

"அவருக்கு எதைக் குடுத்தாலும் வீண்தான்," என்றேன். "முயல் வந்து மூக்கு மேல உக்காந்தாலும் மச்சான் வயித்துலதான் சுடுவாரு."

"வெளக்கை நேராப் புடிக்கத் துப்பில்லாத நாயி, பேச வந்துட்டான். உங்கக்கா மொகத்துக்காகத்தான்டா உன்னை வண்டியில ஏத்துறேன்."

டெல்மிரா இரண்டு மலிவான ஸ்கோப்புகளை எடுத்து வைத்தாள். முதலாவதை அவன் கண்ணில் வைத்த உடனே எடுத்துவிட்டான்.

"மங்கல்."

இரண்டாவதை இரு கைகளாலும் ஏந்தி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாசலுக்கு நேராகத் திருப்பினான். சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் தேவாலயக் கோபுரம் வெயிலில் வெள்ளையாக நின்றது. அவன் வெகுநேரம் பார்த்தான். நெற்றியில் வேர்த்திருந்தது.

பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"இதுதான்யா ஸ்கோப்பு! கோபுரத்து உச்சியில ஒரு புறா. கழுத்துல பச்சை மினுங்குது."

திரும்பிப் பார்த்தேன். புறா இருந்தது. அங்கே எப்போதும் ஏதாவது ஒரு புறா இருக்கும்.

 இன்னொரு பருவம். இன்னொரு பருவம் முழுக்க அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு விளக்குப் பிடிக்கவேண்டும்.

அந்த ஸ்கோப்புக் குழாயை அவன் கையிலிருந்து பிடுங்கிவிடும் ஆத்திரத்தில் நேராக அவனை நோக்கி நடந்தேன். கயிற்றுச் செருப்பில் சத்தமே வரவில்லை. கை நீட்டிய பிறகுதான், மேசைக்குப் பின்னால் நின்ற டெல்மிராவைப் பார்த்தேன். அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கையில் துணி அப்படியே நின்றிருந்தது.

நானும் நின்றேன்.

"இப்ப தலையைச் சாய்க்குது," என்றான் எவரிஸ்தோ. குரலில் அத்தனை சந்தோஷம். "இப்ப றெக்கையக் கோதுது. கேட்டியாடா, வாசல்ல நிக்கிறவனே? ஒவ்வொரு இறகாத் தெரியுது."

குழாயின் முன்கண்ணாடி என் சட்டைப் பொத்தானை உரசிக்கொண்டிருந்தது.