அப்பா எழுந்துட்டார்

"மெதுவா போம்மா, அப்பா எழுந்துடுவாரு."

திலகவதி விரலை எடுப்பதற்குள், லேப்டாப் திரையில் கட்டிலில் படுத்திருந்த மீசைக்காரர் சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். 'அப்பா எழுந்துட்டார். ஆட்டம் முடிந்தது' என்று சிவப்பு எழுத்துகள் வந்தன.

"இந்த ஆளு முறைக்கிறது அப்படியே உங்கப்பா மாதிரியே இருக்குடி," என்று கிசுகிசுத்தாள் திலகவதி.

அசல் அப்பா ராஜாங்கம், சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நைட் ஷிப்ட் வருகிற வாரம் முழுக்க அந்தக் குவார்ட்டர்ஸில் பகல் பேச்செல்லாம் கிசுகிசுப்புதான். பிளஸ் ஒன் படிக்கும் எழில்மதி, தன் முதல் வீடியோ கேமுக்கு அதையே கதையாக்கியிருந்தாள். சமையலறையில் இருக்கும் பெண், தூங்கும் அப்பாவை எழுப்பாமல் வாசலைத் தாண்டி வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

"ஏண்டி, யாராவது இப்படித் திருட்டுத்தனமா வூட்ட விட்டுப் போவாங்களா? உனக்கு வேற கதையே கெடைக்கலியா?"

"விளையாடும்மா. இன்னைக்குச் சாயங்காலம் கடைசி."

சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு கேம் போட்டி. கேமோடு, அதை எழுதியவர் அல்லாத ஒருவர் விளையாடி ஜெயிக்கிற வீடியோவையும் அனுப்ப வேண்டும். அங்கேதான் சிக்கல். பக்கத்து பிளாக் நந்தினி இரண்டு நாள் விளையாடிப் பார்த்துவிட்டு, "உங்கப்பாவ மயக்க ஊசி போட்டாதான் தாண்ட முடியும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ராஜாங்கம் ஏற்கெனவே கறாராகச் சொல்லியிருந்தார். "ஹிந்தி கிளாஸ் பாதியில விட்ட. கீபோர்டு கிளாஸ் பாதியில விட்ட. இதையும் அனுப்பாம விட்டியானா, பிளஸ் டூ முடியற வரைக்கும் லேப்டாப் பரண்ல."

திலகவதி மறுபடி ஆரம்பித்தாள். அம்புக்குறிகளைத் தேடித்தேடி அழுத்தினாள். இந்தத் தடவை கேமில் இருந்த பெண் டம்ளரைத் தட்டிவிட்டாள். மீசைக்காரர் எழுந்தார்.

"விரல் வழுக்குதுடி. எனக்கு வேலை வேற கெடக்கு." கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு வாட்டிம்மா. நாற்காலியெல்லாம் தாண்டிட்டா, அப்புறம் வாசல் தாழ்ப்பாள்தான். அங்கதான் எல்லாரும் மாட்டறாங்க."

"தாழ்ப்பாள எப்படி எடுக்கணும்?"

"மெதுவாத்தான். ஆனா எவ்ளோ மெதுவா எடுத்தாலும் எழுந்துடறாரு. நான்தான் சத்தத்தக் கூடப் போட்டுட்டேன்னு நெனைக்கிறேன். இப்ப மாத்தினா மறுபடியும் எல்லாத்தையும் சரி பாக்கணும். நேரமே இல்ல."

எழில்மதி லேப்டாப்பை மூடப் போனாள். திலகவதி மகளை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி டிரம்மு வெச்சிருக்கியே, அந்தக் குழாய் தொறக்குமா?"

"தொறக்கும். சும்மா வீடு மாதிரி இருக்கட்டுமேன்னு வெச்சேன். அதுக்கும் வாசலுக்கும் சம்பந்தமே இல்ல."

திலகவதி கேட்கவில்லை. அந்தப் பெண்ணைத் திருப்பிக் குழாய்ப் பக்கம் கொண்டுபோனாள். குழாய் திறந்தது. டிரம்மில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. மீசைக்காரர் அசையவில்லை.

பிறகு அந்தப் பெண் ஹாலைக் கடந்து, வாசலுக்கு வந்து, தாழ்ப்பாளை ஒரே இழுப்பாக இழுத்தாள். மீசைக்காரர் புரண்டுகூடப் படுக்கவில்லை. கதவு திறந்தது. 'தப்பிச்சாச்சு' என்று பச்சை எழுத்துகள் வந்தன.

எழில்மதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பல சத்தங்கள் ஒன்றாக வந்தால் பெரியதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி அவள்தான் எழுதியிருந்தாள். குழாய்ச் சத்தம் தினமும் கேட்பது, அதற்கு அப்பா எழுந்திருக்க மாட்டார் என்று எழுதியதும் அவள்தான். இரண்டையும் சேர்த்தால் ஒரு வழி கிடைக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றவில்லை.

வீடியோவும் கேமும் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பதில் வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"லேப்டாப்பு தப்பிச்சுதா?" என்றாள் திலகவதி.

"தப்பிச்சுது. ஆனா நந்தினியால முடியல, எழுதின எனக்கே தெரியல. உனக்கு எப்படிம்மா தோணிச்சு?"

திலகவதி எழுந்து சமையலறைக்குப் போனாள். டிரம்முக்கு மேலே இருந்த குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் தடதடவென்று விழ, ஹாலைக் கடந்து வந்து வாசல் தாழ்ப்பாளை ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளறையில் ராஜாங்கத்தின் குறட்டை ஒரு துளியும் மாறவில்லை.

"டிரம்மு நெறையறதுக்குள்ள வந்துடுவேன், நைட் ஷிப்ட் வாரம் தெனமும் அப்படித்தான்," என்றாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. "ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கினு இருக்கேன், திங்கக்கிழமை லைசென்சுக்கு எட்டுப் போடணும், உங்கப்பா எழுந்தா மாவு அரைக்கப் போயிருக்கேன்னு சொல்லிடு."