ஞானம்மா வீட்டு ஜெபக்கூட்டம்

"ஏய் ஹெலன், உங்க வரதன் சார் வராருடி! பைக்க தெருமுனையில நிறுத்திட்டு நடந்து வந்துக்கினு கீறாரு. பின்னால குந்திக்கினு வந்த பொம்பள அங்கியே நிக்குது, மூஞ்சியில துப்பட்டாவ சுத்திக்கினு!"

ஜன்னலோரம் காவலுக்கு நின்ற மாமியார் ஞானம்மா சொன்னதும் ஹெலன் எட்டிப் பார்த்தாள். வரதன், தேர்வாய் கண்டிகையில் அவள் வேலை பார்த்த கம்பெனியின் சூப்பர்வைசர். அவள் மாசமாக இருப்பது தெரிந்ததுமே கேட்டுக்கு வெளியே கூப்பிட்டு, "உடம்ப பாத்துக்கோம்மா, நாளையிலேர்ந்து வரவேணாம்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பி வைத்த புண்ணியவான்.

"அந்தப் பொம்பள எச்.ஆர். மேடமாத்தான் இருக்கும். எல்லாரும் மாட்னோம்" என்றாள் ஹெலன்.

மாட்டினால் அவளோடு மட்டும் போகாது. வக்கீலைத் தேடிப் போனவருக்கு மறுநாள் கேட் திறக்காது என்பது அந்தக் கம்பெனியில் எழுதாத சட்டம். அதனால்தான் வக்கீல் கிறிஸ்டினாவை வீட்டுக்கே வரவழைத்து, வெளியே ஜெபக்கூட்டம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவளுக்காகச் சாட்சி சொல்லத் துணிந்து, கூட வேலை பார்த்தவர்கள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜெபம்னு சொல்லியாச்சு. பண்ணிட வேண்டியதுதான்" என்று கிறிஸ்டினா சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். விரித்திருந்த சட்டப் புத்தகத்தை மூடி, அதன்மேல் ஞானம்மா தன் பைபிளை வைத்தாள். காலையில் சிறுவாபுரி முருகனைக் கும்பிட்டுவிட்டு நேராக இங்கே வந்திருந்த லோகு, யாரும் கேட்பதற்கு முன்பே "ஆமென்" என்றான்.

வாசலில் நிழல் விழுந்தது.

"இன்னா ஹெலன், ஜெபமா? நானும் குந்திக்கலாமா?"

"குந்துங்க சார்." ஹெலன் நகர்ந்து இடம் விட்டாள்.

வரதன் வாசலோரமாக உட்கார்ந்தார். செல்போனை மடியில் வைத்துக்கொண்டார். அதன் வெளிச்சம் அணையவில்லை. ரெக்கார்டு பண்ணுகிறார்! ஹெலன் கிறிஸ்டினாவுக்குக் கண்ணைக் காட்டினாள். அவரோ கண்ணை இறுக மூடியிருந்தார்.

"ஆண்டவரே! வயித்துல பிள்ளையோட இருக்கிற உம்முடைய மகளுக்காக வேண்டிக்கிறோம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒருத்தியை வேலையை விட்டு அனுப்புறது சட்டப்படி செல்லாதுன்னு அவளுக்கு உணர்த்தும்! காண்ட்ராக்ட்ல இருந்தாலும் செல்லாதுன்னு உணர்த்தும்!"

"ஆமென்!" லோகுவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"ராஜினாமா எழுதிக் கேட்டா, கையெழுத்துப் போடாம அவ கையைப் பிடிச்சுக்கொள்ளும் ஆண்டவரே! லேபர் ஆபீசுக்குப் போய் மனு கொடுக்க அவளுக்குத் தைரியம் தாரும்! கூட இருக்கிறவங்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல நாக்கைத் தாரும்!"

ஹெலன் தலையில் கை வைத்துக்கொண்டாள். எந்த ஊர் ஜெபத்தில் லேபர் ஆபீஸ் வரும்?

வரதன் செல்போனை எடுத்து கிறிஸ்டினா பக்கமாக நீட்டினார். எட்டித் தெருமுனையைப் பார்த்தார். மறுபடி உள்ளே திரும்பினார்.

"சிஸ்டர், அந்த ராஜினாமா மேட்டர இன்னொரு தபா வேண்டிக்கோங்க. சரியா கேக்கல."

கிறிஸ்டினா ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். ஆனாலும் வேண்டிக்கொண்டார். ஒரு வார்த்தை விடாமல் வேண்டிக்கொண்டார்.

ஹெலன் பாயில் இருந்தவர்களைப் பார்த்தாள். லோகுவுக்கு இப்போதுதான் பெண் பார்த்துப் பேசி முடித்திருக்கிறார்கள். அவன் பக்கத்தில் செல்வி, புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாகக் குடும்பம் தள்ளுகிறவள். தன் ஒருத்திக்காக வந்து இத்தனை பேரும் நடுத்தெருவில் நிற்பதா? அதற்கு மேல் அவளால் முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"சார், போதும் சார். இது ஜெபம் இல்ல. அவங்க வக்கீலு. நான்தான் வரச் சொன்னேன். இவங்க யார் பேரையும் கம்பெனில சொல்லாதீங்க. நீங்க இன்னா பண்றதா இருந்தாலும் என்னோட நிக்கட்டும், உங்க கால்ல வேணா வுழறேன்."

ஞானம்மா மருமகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

"குந்தும்மா மொதல்ல" என்றார் வரதன். "எனக்கு முந்தாநாளே தெரியும். சிறுவாபுரி முருகனே கதின்னு கெடக்கிறவன், ஜெபக்கூட்டத்துக்குப் போவணும்னு என்னாண்டயே வந்து லீவு கேட்டான். வந்து பாத்தா நெத்தி நெறைய விபூதியோட ஆமென் போட்டுக்கினு கீறான்."

லோகு அவசரமாக நெற்றியைத் துடைத்தான். காலம் கடந்த வேலை.

"அப்போ அந்த ரெக்கார்டு?" ஹெலன் செல்போனையே பார்த்தாள்.

வரதன் அதைக் காதில் வைத்துக்கொண்டார். "பூமிகா, எல்லாம் கேட்டுதா? பயப்படாத, உள்ள வா. வாசப்படி உசரம், வயித்த பாத்து மெதுவா ஏறு."

பிறகு ஹெலனை நிமிர்ந்து பார்க்க முடியாமல் பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் சம்சாரம்மா. நான் உனக்குச் சொன்ன அதே வார்த்தைய, நேத்து அவ கம்பெனில அவளுக்குச் சொல்லி அனுப்பிட்டாங்க."