பதினொரு முறை ஏற்கப்பட்ட மனு

இந்த உலகமே யாரோ கணினியில் ஓட்டும் காட்சிதான் என்று உறுதியான பிறகு, கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் அந்த யாரோவுக்கு மனு போடவும் ஒரு ஜன்னல் ஒதுக்கினார்கள். மகள் லாரியில் அடிபட்டுச் செத்த நாளை மறுபடி ஓட்டச் சொல்லி சுடலைமுத்து மனு போட்டிருந்தார்.

பதிலை கிளார்க் ரெஜினா வாசித்தாள்.

"தங்கள் மனு ஏற்கெனவே பதினொரு முறை ஏற்கப்பட்டு, அந்த நாள் மறுபடி ஓட்டப்பட்டது. அவை தங்கள் நினைவில் இருக்காது. பதினொரு முறையும், பைபாஸைத் தாண்டிப் பீடி வாங்கிவர மகளை அனுப்பினீர்கள்."

சுடலைமுத்துவின் கை சட்டைப்பையைப் பொத்தியது.

"இன்னும் ஒரே ஒரு தடவ கேளுங்க தாயி. இந்தத் தடவ சத்தியமா அனுப்ப மாட்டேன்."

ரெஜினா நிமிரவில்லை.

"அதையும் எழுதியிருக்காங்கண்ணே. பதினோரு தடவையும் இதே சத்தியத்தத்தான் பண்ணுனீங்களாம்."